தனிமைக் கணக்கெடுப்பில் பதினேழாம் எண்

மற்றவர்களின் தனிமையை அளப்பது என் வேலை. இதைச் சொன்னால், அதற்கு என்ன நாடாவா, தராசா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, படிவம்தான். நகரச் சுகாதாரத் துறையில் பதினோரு வருடங்களாக அந்தப் படிவத்தோடுதான் என் பிழைப்பு. இருபது கேள்விகள். பெரும்பாலானவற்றுக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதில் தொடங்கி ‘எப்போதும்’ வரை நான்கு பதில்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு மதிப்பெண் வரும். அதிக மதிப்பெண் வாங்கியவரைப் பார்த்து வருத்தப்பட வேண்டிய ஒரே பரீட்சை இதுதான் என்று பயிற்சி வகுப்பில் ஒரு நகைச்சுவை சொல்வேன். முதல் வருடம் ஒருவர் சிரித்தார். அதை நம்பி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கீழே ஒன்பது கணக்கெடுப்பாளர்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பவர்கள். தலையாட்டாதே, ‘அடடா’ சொல்லாதே, தேநீர் கொடுத்தால் குடிக்காதே, அவர்கள் தேடுகிற வார்த்தையை நீ எடுத்துக் கொடுக்காதே என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ‘ராத்திரி நெஞ்சு வலி வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?’ என்ற கேள்வியைப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதுபோல் கேட்க வேண்டும். எனக்கு அது இயல்பாகவே வந்தது. அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் பன்னிரண்டாவது கேள்வி என் சொந்தச் சரக்கு. ‘உங்கள் கட்டடத்தில் மிகவும் தனிமையில் இருப்பவர் என்று யாரை நினைக்கிறீர்கள்? பெயர் வேண்டாம், வீட்டு எண் போதும்.’ தனிமையில் இருப்பவர்கள் தாங்களாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அக்கம்பக்கத்தாரைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கினேன். மேலாளர் அம்மா பாராட்டினார். ஒரே வீட்டை மூன்று பேர் சொன்னால், எங்கள் துறையிலிருந்து ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார் என்று முடிவானது. அன்று மாலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அதைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா தொலைபேசியில் கூப்பிட்டபோது சொன்னேன். சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

போன வருடம் எங்கள் பகுதிக்குப் போக வேண்டிய பெண்ணுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. வேறு ஆள் இல்லை. என் கட்டடத்தை நானே எடுக்க வேண்டியதாயிற்று. தான் குடியிருக்கும் இடத்தில் ஒருவர் கணக்கெடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விதியை எழுதியவன் நான். விதிவிலக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவனும் நானே. அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது, அதனால் பாதகமில்லை என்று காரணம் எழுதினேன். எழுதும்போது அதில் ஒன்றும் உறுத்தவில்லை.

கட்டடத்தில் இருபத்து நான்கு வீடுகள். மூன்றாவது மாடியில் பதினேழாம் எண் என்னுடையது. அதைக் கழித்துவிட்டு அடித்தளத்திலிருந்து தொடங்கினேன். அங்கே ஒரு தையல்கார அம்மா இருக்கிறார். பாதி தரைக்குக் கீழே இருக்கும் அறை. தையல் இயந்திரத்துக்கு நேரே உள்ள ஜன்னல் வழியாகப் பார்த்தால் நடைபாதையில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்தார். அட்டையைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். தைத்துக்கொண்டே பதில் சொன்னார். பன்னிரண்டாவது கேள்விக்குக் கால் மிதிப்பதை நிறுத்தினார்.

“பதினேழு,” என்றார். “அவர் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது சார். மாடில இருக்கறவங்க சொல்லித்தான் அது பதினேழுன்னு தெரியும். பழுப்புக் கலர் ஷூ. இடது குதி ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கும். காலைல ஆறரைக்குப் போகும், சாயங்காலம் ஏழுக்கு வரும். எல்லார் காலும் ஒரு நாளாவது இன்னொரு ஜோடிக் காலோட சேர்ந்து போகும். அது மட்டும் எப்பவும் தனியாத்தான் போகும்.”

நான் அன்று களப்பணிக்காகத் துறையில் கொடுத்த வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டிருந்தேன். காலை மெதுவாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். பதினேழு என்று எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக வந்ததில்லை.

ஒருவர்தானே என்று தேற்றிக்கொண்டு மேலே போனேன். என் எதிர்வீட்டில் ஒரு டாக்ஸி ஓட்டுநர். குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பகலில் தூங்குபவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். பன்னிரண்டாவது கேள்விக்கு நெடுநேரம் யோசித்துவிட்டு, யாரும் ஞாபகம் வரவில்லை என்றார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எதிர்வீட்டில் இருப்பவர் எப்படி என்று கேட்டேன். இப்படி எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது என் கையேட்டில் நான்காம் பக்கத்தில் இருக்கிறது.

“எதிர்லயா? அது பூட்டின வீடு சார். ஆள் இல்ல. அதான் என் பழைய டயர் ரெண்டையும் அந்த வாசல் ஓரமா வெச்சிருக்கேன்.”

ஒன்றரை வருடமாக அந்த டயர்களைத் தாண்டித் தாண்டித்தான் நான் வீட்டுக்குள் போய்வந்தேன். கட்டட நிர்வாகம் ஏதோ காரணத்துக்காக வைத்திருக்கிறது என்று நினைத்தேன். யாரிடமாவது கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. நன்றி சொல்லிவிட்டு, அவர் கதவைச் சாத்தும் வரை நகராமல் நின்றேன். அவர் பார்வையில் என் வீட்டுக்குள் போக எனக்குத் துணிவில்லை. படியிறங்கி முதல் மாடிக்குப் போனேன்.

முதல் மாடியில் ஓய்வுபெற்ற நர்ஸம்மாவும் அவர் கணவரும். ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம். வலது கை சரியாக வராது. பேச்சில் ‘இல்ல’ என்ற ஒரே சொல்தான் மிச்சம். ஜன்னலோரம் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா, “வாங்க தம்பி” என்றார். நான் விதிப்படி அடையாள அட்டையைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முன்பின் தெரியாதவரைப்போல் அதை முழுதாக வாசித்தார். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பன்னிரண்டாவது வந்தது.

“பதினேழு,” என்றார்.

பேனா நின்றுவிட்டது.

“உங்களைத்தான் சொல்றேன். எழுதிக்குங்க.”

பதில் சொல்பவர் கணக்கெடுக்க வந்தவரையே சுட்டிக்காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டில் இல்லை. எழுதிக்கொண்டேன்.

“உங்க வீட்டம்மா போனப்ப ஒரு மாசம் நாங்க மாத்தி மாத்தி வந்து தட்டினோம். உள்ள லைட் எரியும். நீங்க திறக்கல. அப்புறம் நாங்களும் விட்டுட்டோம். விட்டது எங்க தப்புதான். ஆனா நீங்க ஒரு தடவை திறந்திருக்கலாம் தம்பி.”

அது ஆறு வருடத்துக்கு முந்தைய கதை. இந்தக் கட்டடத்தில் எல்லோரையும் தெரிந்தவள் என் மனைவிதான். மாடிப்படியில் அவள் நின்று பேசும்போது, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு படி மேலே நான் காத்திருப்பேன். அவள் போன பிறகு அவர்கள் தட்டியபோதெல்லாம் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். திறந்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர்கள் அழுதால் என்ன செய்வது, அழாவிட்டால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. கால் சத்தம் கீழே இறங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் தோன்றியது. மாலையில் விளக்குப் போடுவதையே நிறுத்திவிட்டேன்.

இதில் ஒன்றையும் நர்ஸம்மாவிடம் நான் சொல்லவில்லை. பதின்மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். கடந்த ஒரு மாதத்தில் அண்டைவீட்டார் ஒருவருக்கு நீங்கள் உதவியதுண்டா?

இரண்டு நாளில் வேலை முடிந்தது. பதினெட்டு வீடுகளில் பதில் கிடைத்தது. ஏழு பேர் பதினேழு என்று சொல்லியிருந்தார்கள். மூன்று பேர் வெவ்வேறு வீடுகளைச் சொன்னார்கள். மற்றவர்கள் யாரையும் சொல்லவில்லை. தேர்தலாக இருந்திருந்தால் நான் அமோக வெற்றி.

அன்று மாலை ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து எனக்கு நானே நிரப்பினேன். அறுபதுக்கு ஒன்பது வந்தது. தனிமை என்றால் என்னவென்றே தெரியாத மனிதன். ஏழு பேரும் தவறு என்று கொஞ்ச நேரம் மகிழ்ச்சியாக இருந்தேன். ஆனால் பழக்கதோஷம், சரிபார்க்காமல் படிவத்தை மூட முடியவில்லை. நான்காவது கேள்வியும் பதினான்காவது கேள்வியும் ஒன்றுதான், திருப்பிப் போட்டுக் கேட்டிருப்போம். பொய் சொல்பவரைப் பிடிக்க வைத்த கண்ணி அது. நான் இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று முரணாகப் பதில் சொல்லியிருந்தேன். கடந்த வாரம் அலுவலகத்துக்கு வெளியே ஐந்து நிமிடத்துக்கு மேல் எத்தனை பேரிடம் பேசினீர்கள் என்பதற்கு மூன்று என்று போட்டிருந்தேன். ஒன்று அக்கா. மற்றொன்று பல் மருத்துவர், அப்போது என் வாய் திறந்திருந்தது, பேசியது அவர். மூன்றாவது, யாரையோ தேடித் தவறான எண்ணுக்குக் கூப்பிட்ட ஒரு மனிதர். அவர் வைக்கப் பார்த்தார், நான்தான் விடவில்லை.

‘நம்பத்தகாதது’ என்று ஓரத்தில் எழுதினேன். அது நான் மற்றவர்கள் படிவத்தில் எழுதும் சொல்.

அடுத்து செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மறுநாள் அலுவலகத்தில் யாரும் வருவதற்கு முன்னால் அந்த ஏழு படிவங்களிலும் பதினேழை வெள்ளை மையால் அழித்துவிட்டு, ‘பதில் இல்லை’ என்று எழுதினேன். அரை மணியில் கணினியில் பதிவு செய்யும் பெண் ஏழையும் விசிறிபோல் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். ஏழு படிவத்தில் ஒரே இடத்தில் வெள்ளை மை இருக்கிறது என்றாள். முழுதாக உலரவில்லை, அவள் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. அவள் விளக்கம் கேட்கவில்லை. காகிதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்திலிருந்து எண்ணை வாசித்து, ஏழு முறை பதினேழு என்று அடித்துக்கொண்டாள். இப்படி வாசிக்கலாம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பத்து நாளில் பதினேழாம் எண்ணைப் பார்க்க எங்கள் துறையிலிருந்து ஆள் வந்துவிட்டது. என்னிடம் பயிற்சி பெற்ற பெண். கதவைத் திறந்த என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தாளில் முகவரியைச் சரிபார்த்தாள். தவறாக வந்துவிட்டது போலிருக்கிறது சார் என்றாள். சரியாகத்தான் வந்திருக்கிறாய் என்று உள்ளே கூப்பிட்டேன். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் தலையாட்டவில்லை, அடடா சொல்லவில்லை, தேநீர் வேண்டாம் என்றாள். பேருந்து நேரம் கேட்பதுபோல், ராத்திரி நெஞ்சு வலி வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வியை இன்னொருவர் என்னிடம் கேட்டது அன்றுதான் முதல்முறை. கேட்பதற்குக் கொடூரமாக இருந்தது. வாரம் ஒருமுறை யாராவது வந்து பேசினால் சம்மதமா என்பது கடைசிக் கேள்வி. வேண்டாம் என்றேன். ‘மறுத்துவிட்டார்’ என்ற கட்டத்தில் குறியிட்டு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாசலில் இருந்த டயர்களைத் தாண்டிப் போனாள்.

அதோடு தப்பித்தேன் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை மாலை கதவு தட்டப்பட்டது. சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நர்ஸம்மா. நான் பார்ப்பது தெரிந்ததுபோல் நேராகக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த முறை கை தானாகத் தாழ்ப்பாளை நீக்கிவிட்டது. வீரம் ஒன்றுமில்லை. திறக்காவிட்டால் படிவத்தில் இன்னும் என்னவெல்லாம் சொல்வாரோ என்ற பயம்தான்.

அவர் என் தனிமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“செவ்வாய்க்கிழமை நாலு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் எனக்கு ஒரு ஆள் வேணும். இவரோட உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். நான் நாலு வருஷமா முடி வெட்டிக்கவே போகல. உங்களுக்குத்தான் எந்த வேலையும் இல்லைன்னு கட்டடத்துக்கே தெரியும்.”

எனக்கு அலுவலகம் இருக்கிறது என்று மெல்ல இழுத்தேன். களப்பணிக்காரர்களுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது என்று நான்தான் கணக்கெடுப்பின்போது சொன்னேனாம். மாட்டிக்கொண்டேன்.

முதல் செவ்வாய் ஒரு பேரிடர். தொலைக்காட்சி போடட்டுமா என்று கேட்டேன். இல்ல. ஜன்னலைச் சாத்தட்டுமா? இல்ல. திறந்தே இருக்கட்டுமா? இல்ல. பதினோரு வருட அனுபவசாலி அல்லவா, கேள்வியை மாற்றி மாற்றி அமைத்தேன். பிறகு அவர் ஏதோ வேண்டும் என்று கைத்தடியால் தரையைத் தட்ட ஆரம்பித்தார். தண்ணீர் கொண்டுவந்தேன். கண்ணாடி, செய்தித்தாள், போர்வை, இன்னொரு தலையணை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவரைச் சுற்றி ஒரு கடையே பரப்பிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் இல்ல. குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அவரே நாற்காலியைப் பிடித்து எழுந்து, என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கழிவறைக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து நிதானமாக ஒரு ‘இல்ல’ சொன்னார். உன்னைப்போல் ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை என்று அதற்கு அர்த்தம்.

மூன்றாவது வாரத்தில் அந்த ஒரு சொல்லில் ஏழெட்டு வகை இருப்பது புரிந்தது. அட்டவணை போடலாமா என்று கூட யோசித்தேன். நல்லவேளை, போடவில்லை. ஐந்தாவது வாரம், எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை, என் மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி நாட்களில் அவள் என்னிடம், நான் போனால் நீ யாரோடும் பேச மாட்டாய் என்று சொன்னாள். அப்போது அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, அப்படியெல்லாம் ஆகாது என்று சத்தியம் செய்தேன். அதைச் சொல்லி முடித்தேன். ஐயா நல்ல கையை நீட்டி என் முழங்காலில் வைத்தார். இல்ல, இல்ல என்றார். மெதுவாக. அது எந்த வகை என்று நான் ஆராயவில்லை.

டாக்ஸி ஓட்டுநருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பதினேழில் ஆள் இருக்கிறது என்று அறிந்த அன்றே டயர்களை எடுத்துவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டார். ஒன்றரை வருடமாக ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார். கட்டட நிர்வாகம் வைத்தது என்று நினைத்தேன் என்று அசடு வழிந்தேன். தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்து என் எண்ணை வாங்கிக்கொண்டார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கணக்கெடுப்பின் முடிவுகளைப் பற்றிப் பெரிய கூட்டம். மேலதிகாரிகள் வந்திருந்தார்கள். எந்தத் தெருவில் மக்கள் ஒன்றிப் பழகுகிறார்கள், எந்தத் தெருவில் ஒட்டாமல் இருக்கிறார்கள் என்று வண்ண வண்ணமாக வரைபடம் ஓடியது. என் முறை மூன்று மணிக்கு வரும் என்றார்கள். நான்கரைக்குத்தான் வந்தது. நர்ஸம்மாவிடம் சொல்ல மறந்தே போயிருந்தேன். நான் எழுந்து இரண்டாவது வரைபடத்தைக் காட்டும்போது சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது முறை எடுத்தேன்.

“சார், எங்க இருக்கீங்க?” ஓட்டுநர்தான். “நீங்க வந்துருவீங்கன்னு நம்பி அம்மா போயிட்டாங்க. ஐயா உங்களைத் தேடிக்கிட்டுத் தெரு வாசலுக்கே இறங்கி வந்துட்டார். யார் கூப்பிட்டாலும் உள்ள வர மாட்டேங்கிறார்.”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தின் நடுவில் மற்றவர்கள் ‘வீட்டில் தேடுகிறார்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவதைப் பல வருடங்கள் கேட்டிருக்கிறேன், நான் சொன்னதில்லை. வீட்டில் தேடுகிறார்கள் என்று சொன்னேன். மேலாளர் அம்மாவுக்கு என் வீட்டில் யாரும் கிடையாது என்பது தெரியும். பதினேழாம் எண்ணின் ‘மறுத்துவிட்டார்’ படிவத்தையே பார்த்தவர். ஒன்றும் கேட்காமல் வரைபடம் காட்டும் கோலைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

கட்டடத்து வாசலில் ஐயா கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். தையல்கார அம்மா ஒரு முழங்கையையும் ஓட்டுநர் மறு முழங்கையையும் பிடித்திருந்தார்கள். ஐயாவின் ஒரு காலில் செருப்பு இல்லை. நான்கு வருடத்தில் தனியாகப் படியிறங்கியதே இல்லையாம். விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தையல்கார அம்மா ஆரம்பித்தார். ஒரு போன் பண்ணக் கூடாதா என்று ஓட்டுநர் தொடர்ந்தார். ஐயா என்னைப் பார்த்ததும் கைத்தடியைத் தூக்கி என் நெஞ்சில் ஒரு குத்துக் குத்திவிட்டு, முதல் மாடி வரைக்கும் படிக்கு ஒரு ‘இல்ல’ வீதம் சொல்லிக்கொண்டே ஏறினார். பதினெட்டுப் படிகள். பின்னால் நான் படியில் கிடந்த அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். இத்தனை பேர் சேர்ந்து என்னைத் திட்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நிறுத்திவிடுவார்களோ என்றுதான் பயமாக இருந்தது.

ஆறு மணிக்கு நர்ஸம்மா காய்கறிப் பையோடு வந்தார். நடந்ததை நானே சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மற்ற இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு ஒப்பித்துவிட்டார்கள். அவர் பையை மேசைமேல் வைத்தார். ஐயாவின் பாதத்தைத் தூக்கிக் காயம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அடுத்த வாரம் மூணரைக்கே வந்துடுங்க,” என்றார். “வரமுடியலைன்னா காலைலயே வந்து சொல்லணும். போன்ல இல்ல, நேர்ல.”

சரி அக்கா என்றேன்.